நான்காவது மாடியில் ஓர் ஆள் கூடுதல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் நான்காவது மாடியில் ஓர் ஆள் பாக்கி இருந்தார்.

திரை அப்படித்தான் சொன்னது. தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை அவளுடையது. அங்கே உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எங்கே தின்கிறது, எதற்குத் தின்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. மாடிக்கு ஒரு மீட்டர். ஒவ்வொரு மாடியின் வாசலுக்கு மேலேயும், உள்ளே போகிற தலையையும் வெளியே வருகிற தலையையும் எண்ணுகிற ஒரு கருவி. கூரையில் ஆங்காங்கே, மனிதர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கிற வெள்ளை டப்பாக்கள். எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்குத்தான் விளக்கு, அத்தனை பேருக்குத்தான் குளிர்காற்று. ஆளில்லாத மாடியில் எல்லாம் தானாக அணைந்து, கண்ணாடிக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். காலி அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தால் போய் அணைத்துவிட்டுத்தான் நகர்வாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சிக்கனம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் 'என்ன?' என்று திரும்பிப் பார்ப்பாள்.

தலை எண்ணும் கருவிகள் தப்புச் செய்வது புதிதல்ல. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் ஒன்று என்று எண்ணும், ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு என்று எண்ணும். ஆனால் அந்தத் தப்பு இரண்டு பக்கமும் விழும். இன்றைக்கு ஒன்று கூடினால் நாளைக்கு ஒன்று குறையும். நான்காவது மாடி மட்டும் ஒருநாளும் குறையவில்லை. தினமும் எல்லோரும் போன பிறகு ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்றுக்காக ஒரு மாடி முழுக்க ராத்திரியெல்லாம் குளிர்ந்துகொண்டிருந்தது. வாசல் கருவியை மாற்றிப் பார்த்தாள். கூரை டப்பாவைக் கழற்றிப் புதியது மாட்டினாள். புதியதும் அதையே சொன்னது.

ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். கட்டடம் எழும்பிய நாள் முதல் அங்கே இருக்கிற மனுஷன். நையாண்டி இல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார்.

"அண்ணா, நாலாவது மாடியில மறுபடியும் ஒண்ணு காட்டுது."

"யாராவது தூங்கிட்டிருப்பாங்கம்மா. கணக்குப் பிரிவு ஆளுங்க நாற்காலியிலேயே குறட்டை விடறவங்க. வா, எழுப்பி வீட்டுக்கு அனுப்புவோம்."

மாடியில் யாரும் தூங்கவில்லை. வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஆனாலும் உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. வரிசை வரிசையாக மேசைகள், நாற்காலிகளில் விட்டுப்போன ஸ்வெட்டர்கள், நாளெல்லாம் பலபேர் நடந்து சூடேறிய தரைவிரிப்பின் புழுங்கிய வாசனை, அதற்கு மேல் யாரோ தடவிக்கொண்ட கைக்கிரீமின் எலுமிச்சை நெடி, கூரைக் குழாய்களில் காற்று ஓடும் 'உஸ்' என்ற ஓயாத இரைச்சல். கரியமில வாயுவை அளக்கும் கைக்கருவியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கிடையே அவள் நடந்தாள். எண் அசையவில்லை. வெளிக்காற்றில் இருக்கும் அளவுதான். தூணை ஒட்டி, பிரின்டருக்கு அப்பால், யாரும் உட்காராத ஒரு மூலை மேசை இருந்தது. அதை நெருங்கியதும் எண் ஏறத் தொடங்கியது.

"உன் மூச்சுதாம்மா ஏறுது. தள்ளிப் பிடி."

தள்ளிப் பிடித்தாள். முகத்தைத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டாள். எண் ஏறியது. நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஏறியது. நின்றது. இறங்கியது. நிதானமான தாளம் அது. வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கும் மகளின் முதுகில் கை வைத்தால் கைக்குத் தெரியும் ஏற்ற இறக்கம்.

மெக்கானிக்கின் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை. அவர் இரண்டடி பின்னால் போய் நின்றிருந்தார். அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து, கருவியை நாற்காலியின் முதுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

தாளம் மாறியது. ஏறி இறங்குவது வேகமானது. தூங்குகிற யாரையோ தொட்டு எழுப்பிவிட்டது போல.

"போதும்மா, வா," என்றார் மெக்கானிக். அவர் குரலில் நையாண்டி இல்லை.

லிஃப்டில் இறங்கும்போது, "குழாய்ல எங்கேயோ கசிவு இருக்கணும்ணா," என்றாள். "இருக்கும்," என்றார் அவர். கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே இறங்கினார்.

அளவுகள் விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். தப்பான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பாள். எண் பிடிக்கவில்லை என்று அதைத் திருத்தி எழுதுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தெர்மாமீட்டர்ல காய்ச்சல் கூடுதலா காட்டினா, பேப்பர்ல ரெண்டைக் கழிச்சு எழுதிட்டு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவீங்களா?" என்று கேட்டு வேலைக்குப் புதிதாக வந்தவர்களை ஒரு வழி பண்ணியிருக்கிறாள். அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

காரணம் மேலாளர் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை.

"மத்த மாடியிலெல்லாம் கரண்ட் செலவு எவ்வளவு அழகா இறங்கியிருக்கு. இந்த ஒரு மாடியால மொத்தமும் கெட்டுப்போகுது," என்றார் அவர். "நம்ம மின்சாரக் கணக்கைச் சோதனை பண்ண வெளியிலிருந்து ஆளுங்க வரப்போறாங்க. அந்த ஒண்ணை எடுத்துடுங்க."

"காரணம் தெரியாம எப்படி சார் எடுக்கறது?"

"அளவு சுத்தமா இருக்கணும்னு சொல்றது நீங்கதானே? அப்ப சுத்தம் பண்ணுங்க. சென்சார் பழுதுன்னு போடுங்க. இல்லேன்னா இந்த லீவு நாளெல்லாம் இங்கேயே உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிங்க."

மீதிப் பாதி உண்மை வீட்டில் இருந்தது. வாண்டு என்று கூப்பிடுகிற ஏழு வயது மகள். அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு அவள் வீடு போய்ச் சேரும்போதெல்லாம் வாண்டு தூங்கிப்போயிருக்கும். அன்று போனில் அவளைக் கேட்டது: "அம்மா, நீங்க எனக்கு அம்மாவா, அந்தக் கட்டடத்துக்கு அம்மாவா?" புருஷன் பின்னாலிருந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு கண் கரித்தது.

எல்லா மாடிகளின் கம்பிகளும் நான்காவது மாடி மின்சார அறையில்தான் வந்து சேரும். அன்று எல்லோரும் போன பிறகு, அங்கேயிருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியின் சின்னத் திரையில் அவள் எழுதினாள். நான்காவது மாடி ஆட்கள்: வருவதில் ஒன்று கழிக்க. காரணம்: சென்சார் பழுது.

பித்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு ஒன்றானது, வெளியே குளிர்காற்றின் இரைச்சல் பாதிக்கு மேல் தணிந்தது. இத்தனை நாளாக ராத்திரி பகல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் தணிந்தபோது காதில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில், தூணுக்கு அந்தப் பக்கம், அமுங்கியிருந்த ஒரு நாற்காலி மெத்தை மெல்ல உப்பி மேலே வரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து நின்றால் கேட்கும் சத்தம். அவள் படிக்கட்டு வழியாகவே கீழே இறங்கிப் போனாள்.

மறுநாளிலிருந்து வரைபடத்தில் நான்காவது மாடியின் கோடு சமர்த்தாக இறங்கிப் படுத்துக்கொண்டது. மேலாளர் கூட்டத்தில் கைதட்டச் சொன்னார். அவள் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர்ந்தாள். "யாரு இது, நம்ம வீட்டுக்கு வழி கேட்டு வந்திருக்காங்க?" என்றான் புருஷன். வாண்டு இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அந்தக் கொஞ்ச நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் மாட்டிக்கொண்டது மெக்கானிக். நான்காவது மாடியில் ஆட்கள் வருவதற்கு முன் தனியாக ஏதோ குழாயைப் பார்க்கப் போயிருக்கிறார். விளக்கு அணைந்துவிட்டது. காற்று நின்றுவிட்டது. கதவு பூட்டிக்கொண்டது. அவசரப் பித்தானை உடைத்து வெளியே வந்தவர் நேராக அவள் அறைக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"நான் உள்ள நிக்கறேன், யாருமே இல்லேன்னு சொல்லுது உன் கட்டடம்."

அவளுக்குக் கணக்கு உடனே புரிந்தது. ஓர் ஆள் இருந்தார், அதில் ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். ஆனால் அங்கேதான் கணக்கு இடித்தது. கழிப்பதே அந்தக் கூடுதல் ஒன்றை ஈடுகட்டத்தான். மெக்கானிக்கும் அதுவும் சேர்ந்தால் இரண்டு, கழித்தால் ஒன்று வரவேண்டும். பூஜ்யம் வந்திருக்கிறது என்றால் அந்தக் கூடுதல் அப்போது அங்கே இல்லை.

"ஒருவேளை அது சரியாயிடுச்சோ என்னவோண்ணா," என்றாள்.

"எது சரியாயிடுச்சு?" என்று கேட்டார் அவர். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணைக் கழின்னு எழுதிவெச்சே. சரி. யாரைக் கழிக்கணும்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மறுபடி. "அதை எடுத்துடு. எனக்காக எடுத்துடு."

"சோதனை முடியட்டும்ணா. எடுத்துடறேன்."

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் திரையில் நான்காவது மாடிக்கு நேரே ஓர் எண் வந்தது. மைனஸ் ஒன்று. பூஜ்யத்துக்குக் கீழே ஆட்கள் இருக்க முடியாது. வெறும் மாடியில் ஒன்றைக் கழித்ததால் வந்த எண் அது, வேறொன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முதுகில் சில்லிட்டது. ஏனென்றால் அதே நேரத்தில் எல்லோரும் போய்விட்ட மூன்றாவது மாடி, ஒன்று என்று காட்டியது.

அடுத்த நாள் அது இரண்டாவது மாடியில் இருந்தது.

அப்போதாவது அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோதனைக்கு ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மாடி மாடியாகத் துரத்துவதைவிடச் சுலபமான வழி இருந்தது. நான்காவது மாடிக்குப் போட்டிருந்த கழித்தலை எடுத்து, கட்டடம் முழுவதற்கும் ஒன்று என்று போட்டாள். எந்த மாடியில் கூடினாலும் சரி, மொத்தத்தில் ஒன்று குறையும்.

குறைந்தது. யார் என்பதுதான் மெல்ல மெல்லத் தெரியவந்தது.

காலையில் முன்வாசல் தானியங்கிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. பின்னால் இன்னொருவர் வந்து நின்றதும் திறந்தது. கழிவறைக் குழாயின் கீழே கையை நீட்டினால் தண்ணீர் வரவில்லை, பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கொட்டியது. லிஃப்டுக்குள் நுழையும்போதே கதவு மூடித் தோளில் இடித்தது. தன் அறையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணையும், எழுந்து கையை ஆட்டினால் எரியும். பிறகு எழுந்து ஆட்டினாலும் எரியாமல் போனது. இருட்டில் கையை ஆட்டிக்கொண்டிருந்தவளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சிக்கனம், கடைசியில உங்களையே அணைச்சுடுச்சா?" என்று கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் சிரித்தார். அவர் உள்ளே கால் வைத்ததும் விளக்கு எரிந்தது.

மெக்கானிக் நீண்ட விடுப்பில் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு புருஷன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

"மத்தியானம் ஆபீஸ் போன்ல கூப்பிட்டியே, ஏன் பேசவே இல்ல?"

"நான் கூப்பிடலையே."

"விளையாடாதே. ரொம்ப நேரம் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தே. உன் மூச்சு எனக்குத் தெரியாதா?"

அவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். வாண்டு தட்டிலிருந்து நிமிர்ந்து, "நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டு போன்ல எனக்கும் போன் பண்ணாங்கப்பா. நான் பேசினேன். பள்ளிக்கூடத்துல நடந்ததெல்லாம் கேட்டுக்கிட்டாங்க," என்றது.

அந்தக் கூடுதல் ஒன்று வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டது. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. எப்படி, எதற்கு என்று யோசிக்க முடியவில்லை. தோன்றியது ஒன்றுதான்: நாளைக்கே அந்தக் கழித்தலை எடுத்தாக வேண்டும். சோதனையாவது மண்ணாவது. வேலையே போனாலும் போகட்டும். எப்படியாவது ஒழுங்காக எண்ணப்பட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மறுநாள் நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள். மத்தியானத்திலிருந்தே ஆட்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் சோதனைக்காரர்கள் அந்த மின்சார அறையிலேயே நின்றிருந்ததால் அவளுக்கு வேலை முடியவில்லை. அவர்களும் போன பிறகு புருஷனைக் கூப்பிட்டாள். "வாண்டையும் கூட்டிட்டு வந்துடு. வாசல்ல நில்லு. ஒரே ஒரு வேலை, முடிச்சுட்டு இறங்கிடறேன்." கைப்பையைக் கீழே அறையிலேயே வைத்துவிட்டு, கைக்கருவியை மட்டும் எடுத்துக்கொண்டாள். லிஃப்ட் பித்தான் அவள் விரலுக்கு எரியவில்லை. படியேறினாள்.

நான்காவது மாடிக் கதவைத் திறக்க அட்டையை இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது. உள்ளே இருட்டு. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல்கள் வழியே வந்து மேசைகளின் விளிம்பில் மட்டும் படிந்திருந்தது. அடைத்துக் கிடந்த காற்றில் தரைவிரிப்பின் பழைய புழுக்கமும் யாரோ குப்பைக்கூடையில் போட்ட ஆப்பிளின் அழுகிய இனிப்பும் கலந்திருந்தன. குழாய்களுக்குள் உலோகம் குளிர்ந்து சுருங்கும் 'டிக், டிக்' என்ற ஓசை ஒன்று கூரை முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது. தூணின் பக்கம் பார்க்காமல் நடந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்ததில் அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் கூசியது.

மின்சார அறை. பெட்டியின் சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. கட்டடத்தில் ஆட்கள்: பூஜ்யம். கழித்தல்: ஒன்று.

அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் முறை வந்தது. கழித்தலை நீக்கவா? ஆம்.

கட்டடத்தில் ஆட்கள்: ஒன்று.

விளக்குகள் எரிந்தன. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. தலைக்கு மேலே காற்று புறப்பட்டு வந்து நெற்றி வியர்வையில் பட்டது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று. கட்டடத்தில் இருப்பது ஒரே ஆள். அது நான்தான். வேறு யாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. சிரிப்பு வந்தது. கீழே போய் வாண்டைத் தூக்கிக்கொண்டு, நாளைக்கு முழுக்கத் தூங்க வேண்டும் என்று நினைத்தாள்.

வெளியே, மேசைகளுக்கு அப்பால், கண்ணாடிக் கதவு திறந்தது.

பிறகு மூடியது.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். எண் மாறியிருந்தது. நான்காவது மாடியிலிருந்து வெளியே சென்றவர்: ஒன்று. மீதி: பூஜ்யம்.

அவள் அசையவே இல்லை. அங்கேயேதான் நின்றிருந்தாள்.

விளக்குகள் அணைந்தன. ஒரு வரிசை. அடுத்த வரிசை. அவள் தலைக்கு மேலே இருந்தது கடைசியாக. காற்று நின்றது. கதவுப் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

ஓடினாள். மேசை மூலையில் இடுப்பு இடித்தது. வலித்தது. வலித்ததே, அப்படியென்றால் நான் இருக்கிறேன் என்று நினைத்தாள். கதவில் அட்டையைத் தேய்த்தாள். ஒலி இல்லை, ஒளி இல்லை. அவசரப் பித்தானைக் குத்தினாள். கண்ணாடி உடையவில்லை. படிக்கட்டுக் கதவைத் தோளால் தள்ளினாள். தள்ளுகிற பாரம் தோளில் தெரிந்தது. கதவுக்குத் தெரியவில்லை.

கைக்கருவி இன்னும் கையில் இருந்தது. வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊதினாள். நெஞ்சு காலியாகும்வரை ஊதினாள்.

எண் அசையவில்லை.

மறுபடி ஊதினாள். அசையவில்லை. அந்தக் கருவியை அவளே போன வாரம் சரிபார்த்திருந்தாள். அது தப்பாகக் காட்டாது.

கைப்பேசியில் புருஷனின் எண்ணைத் தொட்டாள். தொடுதிரை விரலை உணரவில்லை. துடைத்துவிட்டுத் தொட்டாள். ஒன்றுமில்லை. சுவரில் காவலாளி அறைக்குப் பேசும் பழைய இன்டர்காம் இருந்தது. பாய்ந்து எடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. நம்பிக்கை வந்தது. எடுத்தார்கள்.

"ஹலோ?" காவலாளியின் குரல்.

"அண்ணா! நான்தான். நாலாவது மாடியில மாட்டிக்கிட்டேன். கதவைத் திறங்க. அண்ணா?"

"ஹலோ? யாரு?... ஹலோ?"

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவர் ரிசீவரை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற யாரிடமோ பேசுவது கேட்டது.

"நாலாவது மாடியிலிருந்து அடிக்குது, மேடம். பேச்சே இல்ல. எல்லாத்தையும் அணைச்சுட்டுதானே இறங்கினீங்க?"

பதில் சொன்னது ஒரு பெண் குரல். களைத்துப்போன, கொஞ்சம் கரகரத்த, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற குரல். பதிவில் கேட்கும்போதெல்லாம் இது என் குரலா என்று அவளே கூச்சப்படுகிற குரல்.

"அது சென்சார் பழுதுண்ணா. விட்டுடுங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஜன்னலுக்கு எப்படிப் போனாள் என்று தெரியாது. உள்ளங்கைகள் கண்ணாடியில் இருந்தன. கீழே வாசல் விளக்கின் வட்டத்துக்குள் வண்டி நின்றிருந்தது. புருஷன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நடுவில் வாண்டு. காவலாளி கதவைத் திறந்துவிட, ஒரு பெண் வெளியே வந்தாள். தோளில் அவளுடைய கைப்பை. உடம்பில் காலையில் அவள் உடுத்திக்கொண்டு வந்த அதே உடை. நடையில் அவசரமில்லை. புருஷன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்தப் பெண்ணும் சிரித்திருக்க வேண்டும், தோள்கள் குலுங்கின. பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, வாண்டைச் சுற்றி ஒரு கையைப் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடியைக் குத்தினாள். கூப்பிட்டாள். மகளின் பட்டப்பெயரை அல்ல, பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணாடியில் மூச்சின் ஈரம்கூடப் படியவில்லை.

வாண்டு திரும்பியது.

அந்தக் கைக்குள்ளேயே உடம்பை முறுக்கிக்கொண்டு, அண்ணாந்து, இருண்ட மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நான்காவது மாடியில் கண்ணை நிறுத்தியது. முகம் அழுகைக்குத் தயாராகக் கோணியது. கை மெல்ல மேலே எழுந்தது.

பின்னாலிருந்தவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். பிறகு, ஒரு தாய் செய்வது போலவே, அவ்வளவு பதமாக, வாண்டின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையை முன்பக்கம் திருப்பினாள். வண்டி நகர்ந்தது. தெருமுனையில் திரும்பி மறையும்வரை அந்தக் கை கன்னத்தை விட்டு எடுபடவே இல்லை.